ஆப்பசைக்கும் ஆசிரியர்கள்

தமிழாசிரியர் இருவர் சந்தித்தால், பேச்சு எங்குத் தொடங்கினும் பாடத்திட்டத்திலோ பதவி உயர்விலோ யாப்பிலோ போய் முடிந்த காலம் ஒன்று உண்டு. இன்று அது வேறிடத்தில் போய் முடிகிறது. கைப்பேசித் திரையில் ஒரு விலைக்கோடு, அதன் மேலும் கீழும் சாய்வாக இழுக்கப்பட்ட இரு கோடுகள், "பாருங்கள் சார், வெட்ஜ் விழுந்துவிட்டது. இரண்டு நாளில் உடைத்துக்கொண்டு ஏறும்" என்னும் ஆருடம். ஜார்ஜ்டவுனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வார இறுதிகளில் இக்கலையைக் கற்பிக்கும் வகுப்புகள் நடைபெறுகின்றன. நடத்துவோரிலும் ஆசிரியர் உளர். கட்டணம் செலுத்தி அமர்ந்திருப்போரிலும் ஆசிரியர் உளர். இக்கட்டுரை அவ்வகுப்புகளை எதிர்த்து எழுதப்படுவது.

பங்கு வாங்குவதே பாவம் என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கறிக்கையைப் படித்து, அதன் தொழிலை அறிந்து, தன் சேமிப்பில் ஒரு பகுதியை அதில் இட்டு, ஆண்டுகள் பல காத்திருப்பவர் ஒரு முதலாளி. சிறிய முதலாளி, அவ்வளவே. அவரைச் சூதாடி என்பது அறியாமை. நான் பேசுவது, நிறுவனம் என்ன செய்கிறதென்பதை அறியாமலே, அறியத் தேவையில்லை என்றும் நம்பிக்கொண்டு, கோடுகளின் சாய்வைக் கண்டு வாங்கி விற்போரைப் பற்றி.

எதிர்ப்பவன் முதலில் எதிர்க்கப்படுவதை நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். ஒரு பங்கின் விலை நேராக ஏறுவதுமில்லை, நேராக இறங்குவதுமில்லை. ஏறி, சற்று இறங்கி, மீண்டும் ஏறி, அலையலையாகச் செல்லும். அவ்வலைகளின் முகடுகளைத் தொட்டு ஒரு கோடும், பள்ளங்களைத் தொட்டு ஒரு கோடும் இழுக்கிறார்கள். இரு கோடுகளும் ஒரே திசையில் சாய்ந்து, செல்லச் செல்ல நெருங்கிவந்தால் அதுவே ஆப்பு. இரண்டும் மேல்நோக்கிச் சாய்ந்து, கீழ்க்கோடு மேற்கோட்டைவிடச் செங்குத்தாக இருப்பின் ஏறுமுக ஆப்பு. விலை ஏறினாலும் ஒவ்வோர் ஏற்றத்திலும் வாங்குவோர் களைத்து வருகின்றனர். ஆகவே கீழ்க்கோட்டை உடைத்துக்கொண்டு விலை விழும் என்பது பொருள். இரண்டும் கீழ்நோக்கிச் சாய்ந்து நெருங்கினால் இறங்குமுக ஆப்பு. விற்போர் களைத்துவிட்டனர், மேற்கோட்டை உடைத்து விலை ஏறும் என்பது பொருள். ஆப்பு ஒடுங்க ஒடுங்கக் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையும் குறைந்து, உடையும் நாளில் திடீரெனப் பெருக வேண்டும் என்பார்கள். உடைந்த இடத்தில் வாங்கி, ஆப்பின் அகன்ற பக்கத்து உயரத்தை அளந்து அந்த அளவுக்கு விலை ஏறும் என இலக்கு வைத்து, கணிப்புப் பிழைத்தால் வெளியேறுவதற்கு ஸ்டாப் லாஸ் என்றொரு விலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். முழுப் பாடமும் இவ்வளவே. 1932இல் அமெரிக்காவில் ஷாபாக்கர் எழுதிய நூலும், 1948இல் எட்வர்ட்ஸ், மெகி இருவரும் எழுதிய நூலும் இவ்வகை வடிவங்களுக்கு மூலநூல்கள். ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடைய இக்கலையைத்தான் 'இரகசிய உத்தி' என்று நம்மவரிடம் விற்கிறார்கள்.

பாதி அறுத்த மரத்தில் தச்சன் இறுக்கிவிட்டுப் போன ஆப்பைப் பிடுங்கி வாலை நசுக்கிக்கொண்ட குரங்கின் கதையை நாம் கீழ்வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். அந்த ஆப்பு மெய்யான ஆப்பு. மரத்தின் விசை அதனை இருபுறமும் நெருக்குகிறது. எடுத்தால் பிளவு மூடும். அதில் காரணமும் உண்டு, காரியமும் உண்டு. திரையில் தெரியும் ஆப்பை நெருக்குவது எது? வாங்குவோர் களைத்தனர், விற்போர் களைத்தனர் என்பதெல்லாம் கோட்டைப் பார்த்தபின் கோட்டுக்குக் கட்டிய கதை. களைப்பை அளந்தவர் எவருமிலர்.

தமிழ் கற்றவர் இங்கே ஏமாறலாகாது. மணிமேகலையின் இறுதிக் காதைகளில் அளவை இயல் விரிவாகப் பேசப்படுகிறது. மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவதற்கு, புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களையைச் சான்று காட்டினால் மட்டும் போதாது. நெருப்பில்லாத நீர்நிலையில் புகையும் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். ஆப்பு வகுப்பில் அடுக்களை மட்டுமே காட்டப்படுகிறது. ஆப்பு தோன்றி விலை ஏறிய பத்துப் படங்களை வரிசையாகத் திரையிடுகின்றனர். ஆப்பு தோன்றியும் விலை ஏறாத படங்கள் எத்தனை? ஆப்பே தோன்றாமல் விலை ஏறியவை எத்தனை? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை சொல்லாத வகுப்பு, எந்தக் கட்டணம் வாங்கினாலும், வகுப்பன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் முதலாண்டிலேயே கற்ற பாடம் இது: தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டு விளக்கத்திற்கு உதவும், நிறுவலுக்கு உதவாது.

1959இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ் என்பார், எவ்விதத் தொடர்புமற்ற தற்செயல் எண்களைக் கூட்டிக்கூட்டி வரைபடமாக்கினார். கிடைத்தது பங்குச் சந்தைக் கோட்டைப் போலவே இருந்தது. சந்தை வல்லுநர் பெயரிட்டு வைத்திருந்த வடிவங்களும் அதில் தென்பட்டன. 1973இல் வெளிவந்த தம் நூலில் பர்ட்டன் மால்கியல், மாணவரைக் காசு சுண்டச் செய்து வரைந்த படமொன்றை வரைபட வல்லுநர் ஒருவரிடம் காட்டியதையும், அவர் அது எந்த நிறுவனம், உடனே வாங்க வேண்டும் என்று துடித்ததையும் எழுதியிருக்கிறார். சான்றுக்கு அமெரிக்கா வரை செல்லத் தேவையில்லை. என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவரிடம் கட்டத்தாளும் இருபது காசு நாணயமும் கொடுத்தேன். பூ விழுந்தால் ஒரு கட்டம் மேலே, தலை விழுந்தால் ஒரு கட்டம் கீழே, நூறு முறை. இருபத்திரண்டு தாள்கள் வந்தன. அவற்றில் மூன்றை ஆசிரியர் அறையில் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாதிருந்தேன். ஒன்றில் இறங்குமுக ஆப்பு இருப்பதாக இருவர் ஒருமித்துக் கூறினர். ஒருவர் பென்சில் எடுத்துக் கோடே இழுத்துவிட்டார். நன்றாகத்தான் இழுத்தார்.

"ஆப்பு பத்து முறையில் எட்டு முறை தோற்றாலும் கவலையில்லை, தோற்றால் ஐந்து காசு போகும், வென்றால் இருபது காசு வரும்" என்பது அவர்களுடைய இறுதி அரண். கேட்கும்போது மறுக்க முடியாதது போலத் தோன்றும் இக்கூற்றைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கு ஒரு வெள்ளி எண்பது காசில் ஆப்பை உடைக்கிறது. இலக்கு இரண்டு வெள்ளி. ஸ்டாப் லாஸ் ஒரு வெள்ளி எழுபத்தைந்து காசு. விலை காசு சுண்டுவதுபோலத் தற்செயலாகவே ஏறி இறங்குவதாகக் கொண்டால், இருபது காசு ஏறுவதற்குமுன் ஐந்து காசு இறங்கிவிடும் வாய்ப்பு ஐந்தில் நான்கு. நூறு முறையில் இருபது வெற்றி, எண்பது தோல்வி. இருபது வெற்றியில் வருவது 400 காசு; எண்பது தோல்வியில் போவதும் 400 காசு. மிச்சம் சுழியம். 'சிறு நட்டம், பெரு ஆதாயம்' என்னும் ஏற்பாடு தன்னளவில் ஒரு காசும் ஈட்டித் தராது. இலக்கை எட்ட விட்டு வைத்தால், எட்டும் வாய்ப்பும் அதே விகிதத்தில் சுருங்குகிறது. ஆப்புக்கு உண்மையில் ஆற்றல் இருந்தால், நூற்றுக்கு இருபதுக்கு மேல் எத்தனை முறை வென்றது என்பதே காட்டப்பட வேண்டிய ஒரே எண். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுகிறார்கள்.

இனித் தரகைச் சேர்ப்போம். ஆயிரம் பங்கு வாங்க 1800 வெள்ளி. தரகு முகவர் குறைந்த கட்டணமாக எட்டு வெள்ளி பெறுகிறார் எனக் கொள்வோம். முத்திரைத் தீர்வை ஆயிரத்துக்கு ஒரு வெள்ளி வீதம் இரண்டு வெள்ளி. தீர்வகக் கட்டணம் அரை வெள்ளிக்குச் சற்று மேல். வாங்கும்போது பத்துச் சொச்சம், விற்கும்போது பத்துச் சொச்சம், ஆக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இருபது வெள்ளிக்கு மேல் செலவாகிறது. நூறு ஆட்டத்தில் 2000 வெள்ளி. போட்ட முதலோ 1800. சந்தை அவரை ஏமாற்றவில்லை. எவரும் அவர் பணத்தைத் திருடவில்லை. கட்டணமே முதலை முழுதாய் உண்டுவிட்டது. திருக்குறளில் தெரிந்து செயல்வகை அதிகாரத்தின் 463ஆம் குறளை மாணவர்க்கு நடத்தும் நாம், அதன் பொருளை நம் கணக்கேட்டில் பொருத்திப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டுச் சந்தைக்கே உரிய இடர்களும் உண்டு; வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் பாடம் சொல்வோர் இவற்றைச் சொல்வதில்லை. புர்சா மலேசியாவில் ஒரு வெள்ளிக்குக் குறைந்த பங்கின் விலை அரைக் காசு படியாகவே அசையும். நம்மவர் விரும்பி வாங்குவதோ பத்துக் காசு, பன்னிரண்டு காசுப் பங்குகள். மலிவு என்பது அவர்கள் எண்ணம். பத்துக் காசுக்கும் பன்னிரண்டு காசுக்கும் இடையே இருப்பவை நான்கே படிகள். நான்கு படிகளுக்குள் இரு கோடுகள் எப்படி மெல்ல மெல்ல ஒடுங்கும்? ஒரு படி அசைந்தால் நூற்றுக்கு நான்கு ஐந்து விழுக்காடு போய்விடுகிறது. ஸ்டாப் லாஸ் வைப்பதற்கு இடமேது? ஏறுமுக ஆப்பின் கதை இன்னும் வேடிக்கை. விலை விழும் என்று அது சொல்கிறதாம். ஆயின் கையில் இல்லாத பங்கை விற்று, விழுந்தபின் வாங்கி ஆதாயம் காண்பதற்கு இங்கே வரம்புகள் பல. குறிப்பிட்ட பங்குகளில் மட்டுமே, விதிகளுக்குட்பட்டே இயலும். ஆகவே பாடத்தின் சரிபாதி, சாதாரண ஆசிரியர்க்குப் பயன்படாத பாதி. கட்டணம் மட்டும் முழுக்கட்டணம்.

2020ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டிலிருந்த காலத்தில்தான் இந்நோய் நம்மிடையே வேரூன்றியது. கையுறை நிறுவனங்களின் பங்குகள் விண்ணை நோக்கிப் பாய்ந்தன. அவ்வாண்டு அக்டோபரில் ஒன்பது வெள்ளியைத் தாண்டி நின்ற டாப் குளோவ் பங்கு, 2022 முடியுமுன் ஒரு வெள்ளிக்கும் கீழே இறங்கிற்று. 2020 நவம்பர் 9ஆம் நாள் பைசர் தடுப்பூசி பற்றிய செய்தி வந்தது, பின்னர்க் கையுறையின் விலை சரிந்தது, போட்டியாளர் பெருகினர். இவற்றுள் எதுவும் வரைபடத்தில் முன்கூட்டி எழுதப்பட்டிருக்கவில்லை. செய்தித்தாளில் இருந்தது, நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் இருந்தது. ஈராண்டு நீண்ட அச்சரிவின் படத்தை எடுத்து இறங்குமுக ஆப்பு எத்தனை வரையலாம் என்று எவரும் வரைந்து பார்க்கலாம். ஒவ்வொன்றும் 'இதோ திரும்பப் போகிறது' என்று சொல்லும். ஒன்று பொய்த்ததும் கோட்டைச் சற்று நகர்த்தி அடுத்த ஆப்பு. பொய்த்தது கோடு என்று ஒருவரும் சொல்வதில்லை; 'நான் சரியாக வரையவில்லை' என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். எக்காலத்தும் பொய்யாகாத கலை வேறொன்றும் நாமறிவோம். அதற்குக் கிளியும் சீட்டும் வேண்டும்.

மூத்தோர் பலர்க்கு 1993 நினைவிருக்கும். ஓராண்டில் கோலாலம்பூர்ப் பங்குக் குறியீடு ஏறத்தாழ இருமடங்காகி, 1994 சனவரித் தொடக்கத்தில் 1314 புள்ளிகளைத் தொட்டது. எழுத்தர், ஓட்டுநர், ஆசிரியர் என எல்லாரும் வல்லுநர் ஆயினர். 1998 செப்டம்பர் முதல் நாள் அதே குறியீடு 262. அன்றும் கோடு போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

மறுதரப்பின் வலுவான சான்றை மறைப்பது எனக்கு உடன்பாடன்று. 2000ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ லோ என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்கு விலைகளைக் கணினியால் ஆராய்ந்து, சில வடிவங்களில் ஓரளவு செய்தி பொதிந்திருப்பதாக முடிவு கண்டனர். அது மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால், அவர்கள் எடுத்துக்கொண்ட பத்து வடிவங்களுள் ஆப்பு இல்லை. மேலும், செய்தி பொதிந்திருப்பது வேறு. செலவு போக ஆதாயம் தருவது வேறு. அவர்களே அப்படி உரிமை கோரவில்லை. கணினிக்குக் கண்டிப்பான விதியை எழுதிக்கொடுத்துத் தேடுவதற்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆசையோடு தேடுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்ல வேண்டுமோ?

ஆடியோர் கதி என்ன என்பதற்குப் பெரிய கணக்குகள் உள்ளன. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபி 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனியாருள் 93 விழுக்காட்டினர் நட்டமுற்றனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய். அது பங்கைவிடக் கொடிய களம், உண்மையே. ஆனால் வெறும் பங்குகளை அன்றன்றே வாங்கி விற்றோரிலும் 2022-23இல் பத்துக்கு ஏழு பேர் நட்டமுற்றனர் என்று அதே அமைப்பு கூறுகிறது. பிரேசில் நாட்டில் 2013 முதல் 2015 வரை நாள்வணிகத்தில் இறங்கி முந்நூறு நாளுக்கு மேல் விடாது முயன்றோருள் 97 விழுக்காட்டினர் நட்டமுற்றனர். பயிற்சி முதிர்ந்தால் ஆதாயம் வரும் என்போர் 'முந்நூறு நாள்' என்பதைக் கவனிக்க.

"நம் சமுதாயம் பொருளாதாரத்தில் பின்தங்கிக் கிடக்கிறது, 1970இல் இந்நாட்டுப் பங்குடைமையில் இந்தியர் கையில் இருந்தது 1.1 விழுக்காடு, முன்னேற நினைப்பவரை ஏன் தடுக்கிறீர்?" என்று கேட்கின்றனர். இவ்வினா என்னைத் தைக்கிறது. ஆகவே இதற்கு விடை சற்று விரிவாகவே சொல்வேன். உடைமை என்பது வைத்திருப்பது. மூன்று நாள் கையில் வைத்து விற்றுவிட்டவர் எதற்கும் உடைமையாளர் அல்லர். 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்குதாரர் ஆயினர். மறு ஆண்டே நமக்கு அண்மையிலுள்ள கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் சங்கத்தின் உடைமையாயிற்று. எழுத்தறியாதவர் பலர், கோடு வரைய ஒருவர்க்கும் தெரியாது. ஆனால் எதை வாங்குகிறோம் என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். அந்த மரங்களை அவர்களே சீவினார்கள். மாறாக, 1982இல் தொடங்கப்பெற்ற மைக்கா ஹோல்டிங்ஸில் 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம்மவர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் முதலிட்டனர். நகையை அடகு வைத்தோரும் உண்டு. கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து 2010இல் அவர்களுக்குக் கிடைத்த விலை, ஒரு வெள்ளிப் பங்குக்கு எண்பது காசு. அப்பங்கு சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை, வரைபடமே கிடையாது. அங்கு நம்மவர்க்கு வேண்டியிருந்தது, கணக்கறிக்கையைப் படித்து ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து வினவும் திறம். அத்திறத்தை இன்றும் எந்த வார இறுதி வகுப்பும் கற்பிக்கவில்லை. பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் பேரேடு எழுதிய செட்டியார்களின் மரபும் நமக்கு அண்மையிலேயே இருந்தது. வரவையும் செலவையும் வாங்கியவன் நாணயத்தையும் பார்த்துப் பணம் கொடுத்த மரபு அது.

என்னை எழுதத் தூண்டியது இவற்றுள் எதுவுமன்று. ஈராண்டுகளுக்கு முன் ஓர் இளம் ஆசிரியை என்னைக் காண வந்தார். சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்யும் கூட்டுறவுக் கடனை வாங்கி ஆப்பில் இட்டிருந்தார். கடன் பத்தாண்டுக்கு, பணம் ஏழு மாதத்தில் தீர்ந்துவிட்டது. "எப்படியம்மா நம்பினீர்கள்?" என்று கேட்டேன். "சொல்லிக் கொடுத்தவரும் ஆசிரியர்தானே ஐயா" என்றார். இந்த ஒரு வரிக்கு என்னிடம் மறுமொழி இல்லை. தோட்டப் புறத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை படிப்பதா வேலைக்குப் போவதா என்னும் முடிவை ஆசிரியர் சொல்லுக்காக மாற்றிக்கொண்ட பெற்றோர் நம்மவர். அச்சொல்லின் மதிப்பை ஈட்டியவர் நமக்கு முன்னிருந்தோர். நாற்பது மாணவர் அமர்ந்த அத்தாப்புக் கூரை வகுப்பில், அரைவயிற்றுச் சம்பளத்தில் ஈட்டினார்கள். அதை எடுத்து, புலனக் குழுவில் ஆளுக்கு இவ்வளவு என்று விற்பதற்கு நமக்கு யார் உரிமை தந்தது?

சட்டமும் இங்கே உண்டு. முதலீட்டு அறிவுரையைத் தொழிலாக நடத்துவோர் பங்கு ஆணையத்தின் உரிமம் பெற வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டம். 'அறிவுரை அன்று, கல்விதான்' என்று தட்டியில் எழுதிவிட்டு, குழுவில் "நாளை காலை இந்தப் பங்கு" என்று பெயர் சொல்வது என்ன கல்வி? அரசு ஊழியர் வெளிவேலை செய்ய ஒப்புதல் பெற வேண்டும் என்பதும் ஆசிரியர் அறியாததன்று.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. தமிழ்ப்பள்ளி மண்டபங்களையும் ஆசிரியர் சங்க அறைகளையும் இவ்வகுப்புகளுக்குத் தரலாகாது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் நாணயச் சோதனையை ஒரு நாளாவது செய்து காட்ட வேண்டும். செலவு இரண்டு தாள். ஆப்பு கற்பிக்கும் ஆசிரியர், கட்டணம் வாங்குமுன், தம் தரகு நிறுவனம் அனுப்பும் கணக்கறிக்கையைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு, வென்றதும் தோற்றதும் விடாமல், மாணவர்முன் வைக்க வேண்டும். இவ்வேண்டுகோளைச் சென்ற ஆண்டு மூவர்க்கு எழுதினேன். ஒருவர் அது தம் சொந்தச் செய்தி என்று மறுமொழி அனுப்பினார். மற்ற இருவரும் இன்னும் எழுதவில்லை.